விளம்பரம் என்றால் பிரகடனம்

வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள் நான். தமிழ் மீடியத்தில் படித்து, கேரளத்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். மற்ற பாடமெல்லாம் எப்படியோ கைக்கு வந்துவிட்டது. வரலாறுதான் வரவே இல்லை. அது எப்படி வந்தது என்பதை, இந்த வருஷம் பத்தாவது எழுதப்போகும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

பாடப்புத்தகம் தமிழில் இருக்கும், வினாத்தாளும் தமிழில் வரும். ஆனால் டவுனில் நான் போன டியூஷன் மலையாளம். காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்வேன். அப்படி வந்ததுதான் 'குண்டறை விளம்பரம்'. ஓணப் பரீட்சையில் திருவிதாங்கூர் திவானாக இருந்த வேலுத்தம்பி தளவாயைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 1809 ஜனவரியில், கம்பெனி ஆட்சியை எதிர்த்து எழும்படி மக்களை அவர் அழைத்தது குண்டறையில் வைத்து. நான் அவர் ஏதோ அறிவிப்புப் பலகை வைத்தது போல அரைப் பக்கம் எழுதியிருந்தேன். டீச்சர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் 'பிரகடனம்' என்று எழுதித் தந்தார். "மலையாளத்துல விளம்பரம்னா பிரகடனம்மா. நீ தமிழ்ல அர்த்தம் பண்ணிட்ட. நோட்டை முழுசா ஒரு தடவை பாரு" என்றார்.

பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது. விப்லவம் என்றால் புரட்சி, நவோத்தானம் என்றால் மறுமலர்ச்சி. இதெல்லாம் தெரியாத சொல், அதனால் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். தெரிந்த சொல் மாதிரி இருப்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. 'மலபார் கலாபம்' என்று 1921-ஐ எழுதி வைத்திருந்தேன். கலாபம் என்றால் தமிழில் மயில்தோகை, அங்கே கலகம். 'அவகாசம்' என்பதை நேரம் என்றே படித்துவந்தேன். அங்கே அது உரிமை. வைக்கம் பாடத்தை இதனால்தான் நான் புரிந்துகொள்ளவே இல்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க 'அவகாசம்' கேட்டார்கள் என்றால், எப்போது நடக்கலாம் என்று நேரம் கேட்டதாக நினைத்திருக்கிறேன். உரிமை என்று மாற்றி வாசித்த அன்று அந்தப் பாடமே வேறாகிவிட்டது. 1924-இல் தொடங்கிய போராட்டத்துக்கு ஈரோட்டிலிருந்து பெரியார் ஏன் வந்தார், ஏன் இரண்டு முறை சிறைக்குப் போனார் என்பதெல்லாம் தானாகவே மனதில் நின்றது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியாக இந்தச் சொற்களை எழுதினேன். பரீட்சைக்குள் நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

அடுத்தது வருஷங்கள். எங்கள் வீட்டில் தேதி கிழிக்கிற காலண்டர் உண்டு. அம்மா விடியற்காலை தோட்டத்தில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக் கிளம்புமுன் தாளைக் கிழித்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போவார். அந்தத் தாளின் பின்பக்கம் ஒரு நிகழ்ச்சி, ஒரு வருஷம், ஒரு காரணம், அவ்வளவுதான் எழுதுவேன். சுவர் ஓரமாகக் கொடி கட்டி, துணி கிளிப்பால் வரிசையாக மாட்டினேன். ஆனால் நடுவில் வருகிற வருஷங்கள் மட்டும் தடுமாறிக்கொண்டே இருந்தன. அப்போது கைகொடுத்தது முல்லைப் பெரியாறு அணை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் தூக்கத்திலும் தெரியும்: ஒப்பந்தம் 1886, அணை முடிந்தது 1895. அந்த இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன். காங்கிரஸ் தொடங்கியது 1885, ஒப்பந்தத்துக்கு முந்தின வருஷம். ஈழவர்கள் அரசுக்குக் கொடுத்த மனுவான ஈழவ மெமோரியல் 1896, அணைக்கு அடுத்த வருஷம். மலையாளி மெமோரியல் 1891-உம், தாழ்த்தப்பட்டவர்களுக்கு விலக்கப்பட்டிருந்த பொதுவழியில் அய்யங்காளி வில்லுவண்டி என்ற மாட்டுவண்டியில் போன 1893-உம் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்துக்குள். அதற்குப் பிறகு அவை இடம் மாறவே இல்லை. உங்கள் ஊரில் அணை இல்லாவிட்டால் பாலமோ கோயிலோ பள்ளிக்கூடமோ இருக்கும், அதன் வருஷத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மலையாளி மெமோரியல் படிக்கும்போது மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. திருவிதாங்கூரில் பெரிய உத்தியோகங்கள் வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களுக்குப் போகின்றன என்பதுதான் அந்த மனுவின் குறை. "நம்மளையா தாத்தா சொல்றாங்க?" என்று கேட்டேன். "நம்மள எந்த உத்தியோகத்துக்குக் கூட்டி வந்தாங்க? கங்காணி கொழுந்து கிள்ளத்தானே கூட்டி வந்தான்" என்றார். மொழிவாரி மாநிலங்கள் பாடமும் அவரிடம் கேட்டதுதான். ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து 1952-இல் உயிர்விட்டதையும், மாநிலங்களைப் பிரிப்பது பற்றி ஆராய்ந்த ஃபசல் அலி ஆணையத்தையும் நான் புத்தகத்திலிருந்து வாசிப்பேன். தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நடந்த போராட்டத்தைத் தாத்தா சொல்வார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலுகாக்கள் அந்தப் பக்கம் போயின, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். அந்தக் காலண்டர் தாளில் மட்டும் தாத்தா தன் கையால் தேதியை எழுதினார்.

பிரெஞ்சுப் புரட்சி, ரஷ்யப் புரட்சி, உலகப் போர்களுக்குத் தனியாக எதுவும் செய்யவில்லை. காரணம், நிகழ்ச்சி, விளைவு என்று மூன்று வரி எழுதிப் பார்த்ததே போதுமாக இருந்தது.

மார்ச்சில் பரீட்சை. 80 மார்க், இரண்டரை மணி நேரம், அதற்கு முன் வினாத்தாளை வாசிக்க 15 நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். எந்தக் கேள்வியை விடுவது என்று நான் அதிலேயே முடிவுசெய்துவிட்டேன். காலவரிசைப்படுத்தச் சொல்லி ஒரு கேள்வி இருந்தது. கண்ணை மூடினேன், கொடியில் தாள்கள் வரிசையாகத் தெரிந்தன. வைக்கம் பற்றிய கேள்விக்கு 'உரிமை' என்று எழுதும்போது பேனாவை அழுத்தித்தான் பிடித்திருந்தேன்.

ஏ கிரேடு வந்தது. பாடப்புத்தகம் இப்போது மாறிவிட்டது. பக்கத்து லயத்துப் பெண் போன வாரம் வந்து சொல் நோட்டை வாங்கிப் போனாள். தாள்களையும் கேட்டாள். 1956-ஐ மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தேன்.