மாடியில் எடுத்த வகுப்பும் ஐஸ் பெட்டியும்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மீன் பதனிடும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த இரண்டாம் வருடம், சரக்கு இறக்கும் இடத்தில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

முதல் பயிற்சியை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்தேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வரத்து குறைவு, எல்லோருக்கும் நேரம் இருக்கும் என்பது என் கணக்கு. மே முதல் வாரம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், மாடி அறையில் இரண்டு மணி நேரம் பேசினேன். திரையில் நாற்பது பக்கம் ஓடியது. பாக்டீரியாக்களின் பெயர்கள், வெப்பநிலை அட்டவணை, குளிர் போதாத மீனில் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும் விதம், எல்லாம் அதில் இருந்தன. முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு" என்றார்கள். நானும் நம்பினேன்.

ஜூனில் படகுகள் போய்த் திரும்பின. முதல் சரக்கிலேயே காணாங்கெளுத்திப் பெட்டிகளில் ஐஸ் மேலே மட்டும் கிடந்தது. அடியில் இருந்த மீனில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 14 டிகிரி. எனக்குக் கோபம். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், "அன்னைக்கே சொன்னேனே அக்கா?" என்றேன். அந்த அக்கா நிதானமாகத்தான் பதில் சொன்னார்: "சொன்னீங்க தம்பி. அது மாடியில. இங்க பெட்டி வந்து எறங்குற வேகத்துல கை பழைய மாதிரிதான் போகுது."

அதற்கப்புறம் இரண்டு வாரம் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. இறக்கும் இடத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உடைத்த ஐஸ் ஒரு மூலையில் இருந்தது, பெட்டிகள் எதிர் மூலையில். ஒவ்வொரு அடுக்குக்கும் ஐஸ் போட வேண்டுமென்றால் ஒரு பெட்டிக்கு மூன்று நடை நடக்க வேண்டும். யாரால் முடியும்? ஐஸ் தொட்டியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்ததுமே பாதிக் குறை தீர்ந்துவிட்டது. அவர்களுக்குத் தெரியவில்லை என்று நான் நினைத்ததில் பாதி, எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

மீதிப் பாதிக்குப் புதிதாக ஒரு பயிற்சி அமைத்தேன். ஷிப்ட் தொடங்கும் முன் இருபது நிமிடம், பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே. ஒரே சரக்கிலிருந்து இரண்டு பெட்டி. ஒன்றில் ஐஸ் மேலே மட்டும். இன்னொன்றில் அடியில், நடுவில், மேலே என்று ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். இரண்டு மணி நேரம் கழித்து அவர்களே தெர்மாமீட்டரைக் குத்திப் படித்தார்கள். அடுக்கி வைத்தது 4 டிகிரிக்குக் கீழே வந்திருந்தது. மற்றதைப் பார்த்த ஒருவர், "வாடை வரலையே, நல்ல மீனுதானே?" என்று கேட்டார். மாடியில் யாரும் கேட்காத கேள்வி. ஹிஸ்டமின் வாடையில் தெரியாது, கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது என்றேன். "பிள்ளைங்களுக்குக் குழம்பு வச்சாலுமா?" என்று உடனே இன்னொரு குரல். அன்று இருபது நிமிடம் போதவில்லை.

1940களில் அமெரிக்கப் போர்க்காலத் தொழிற்சாலைகளில் வேலை கற்றுக்கொடுக்க நான்கு படிகள் வைத்திருந்ததைப் பிறகுதான் படித்தேன். கற்பவரைத் தயார்செய்வது, செய்து காட்டுவது, அவரையே செய்யவைப்பது, அப்புறம் போய்ப் பார்ப்பது. மூன்றாவதில் கற்பவர் செய்துகொண்டே ஏன் அப்படிச் செய்கிறார் என்றும் சொல்ல வேண்டும். என் மாடி வகுப்பில் கடைசி இரண்டும் இல்லவே இல்லை. "நல்லா இருந்துச்சு" என்ற பதிலும், பயிற்சியின் பலனை அளக்க கிர்க்பாட்ரிக் என்பவர் 1959இல் பிரித்த நான்கு நிலைகளில் முதலாவது மட்டும்தான்: வந்தவர்களுக்குப் பிடித்ததா என்பது. கற்றார்களா, வேலையில் மாறினார்களா, பலன் என்ன என்று மேலே இன்னும் மூன்று இருக்கின்றன. அதனால் இப்போது கருத்துப் படிவம் கொடுப்பதில்லை. பத்து நாள் கழித்துப் போய் அடிப்பெட்டியில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கிறேன்.

பயிற்சியும் தடைக்காலத்தின் கடைசி வாரத்துக்கு மாறிவிட்டது. படகு திரும்பும் முதல் வாரத்தில் இன்னொரு தடவை. சொல்லிக்கொடுப்பவர் அந்த அக்காதான். நான் பின்னால் நிற்பேன். இந்த ஜூனில் அடுக்குவதையெல்லாம் காட்டியவர், ஐஸ் உருகிய தண்ணீர் வடிய வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டார். நான் வாயைத் திறக்கும் முன், புதிதாகச் சேர்ந்த பெண் பெட்டியைச் சாய்த்துப் பார்த்துக் கேட்டாள்: "அடியில ஓட்டை அடைச்சிருக்கே அக்கா, தண்ணி எப்படிப் போகும்?"