ஏற்காடு இறக்கத்துக்காக டிஸ்க் பிரேக் மாத்துன கதை: வயர்ல இருந்து ஆயிலுக்கு

என்கிட்ட இருக்கிறது 27.5 இன்ச் ஹார்ட்டெயில் எம்டிபி (மலை சைக்கிள்), முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன், கம்பெனியில இருந்து வரும்போதே வயர் இழுக்கிற டிஸ்க் பிரேக்தான். சேலம் டவுனுக்குள்ள ஓட்டுற வரைக்கும் அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது, ஃபைவ் ரோட்ஸ் டிராஃபிக்ல கூட நல்லா நின்னுச்சு. ஏற்காடு ஏற ஆரம்பிச்சதும், ஏறுறத விட அங்கிருந்து இறங்க ஆரம்பிச்சதும்தான் விஷயமே வேற ஆச்சு. இருபது ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு) இருக்கு, மேல இருந்து முதல் நாலஞ்சு வளைவு வரைக்கும் லீவர் கெட்டியா இருக்கும், பாதிக்கு மேல வர வர லீவர் உள்ள போய்க்கிட்டே இருக்கும், அடிவாரம் பக்கத்துல வரும்போது ஹேண்டில்பார தொடுற மாதிரி ஆயிடும், நடுவுல ஓரமா நிறுத்தி கேபிள் அட்ஜஸ்டர திருகி திருகித்தான் கீழ வந்து சேரணும். கை வேற மூணு விரல் போட்டு அமுக்கி அமுக்கி மரத்துப் போகும்.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு உக்காந்து காலிப்பர, அதாவது பிரேக் பேட் ரெண்டையும் பிடிச்சிருக்கிற பகுதிய, கழட்டிப் பாத்தேன். இந்த மாதிரி சாதா வயர் டிஸ்க்ல ரெண்டு பேட் இருந்தாலும் அசையறது வெளிப்பக்கம் இருக்கிற ஒண்ணுதான், உள்பக்க பேட் ஒரு ஸ்க்ரூல நிக்குது, வெளிப்பக்க பேட் ரோட்டர (சக்கரத்தோட சுத்தற தகடு) தள்ளி வளைச்சு அந்தப் பக்கத்து பேட் மேல சாத்துது. பேட் தேயத் தேய வயரும் கூடுதலா இழுக்கணும், தானா சரி பண்ணிக்கிற வசதி எதுவும் உள்ள கிடையாது. வயருக்குப் பதிலா ஆயில் அழுத்தத்துல வேலை செய்யற ஹைட்ராலிக்ல அப்படி இல்ல, ரெண்டு பக்கமும் பிஸ்டன் ஒண்ணா வெளிய வரும், பேட் தேஞ்ச அளவுக்கு பிஸ்டனும் கொஞ்சம் வெளியவே நின்னுக்கும், அதனால பேட் முடியற வரைக்கும் லீவர் ஏறக்குறைய ஒரே இடத்துலதான் பிடிக்கும். எனக்கு ஹைட்ராலிக் மேல ஆசை வந்ததுக்கு முதல் காரணம் பவர் இல்ல, இதுதான்.

அடுத்தது சூடு. இத எல்லாரும் லேசா சொல்லிட்டுப் போயிடுறாங்க, ஆனா நம்ம மலைகளுக்கு இதான் மெயின் மேட்டர். நானும் சைக்கிளும் பையும் தண்ணி பாட்டிலும் சேர்த்து 90 கிலோன்னு வச்சுக்கோங்க, ஏற்காட்டுல இருந்து அடிவாரத்துக்கு ஆயிரம் மீட்டர் இறக்கம்னு வச்சுக்கலாம், கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 900 கிலோஜூல் வருது. ரூம் சூட்டுல இருக்கிற மூணு லிட்டர் தண்ணிய கொதி நிலைக்கு கொண்டுவர்ற சூடு அது. நேர் ரோட்டுல வேகமா போனா காத்து அதுல பெரிய பங்க எடுத்துக்கும், ஆனா ஹேர்பின் ரோட்டுல நாம மெதுவா போறோம், எதிர்ல பஸ் வேற ஏறி வருது, அதனால அந்த சூட்டுல பெரும்பங்கு ரெண்டு மெல்லிசு தகட்டுலதான் இறங்கும். அடிவாரத்துல நிறுத்தினதும் வாட்டர் பாட்டில்ல இருந்து ஒரு சொட்டு ரோட்டர் மேல விட்டுப் பாத்தேன், சுர்ருன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், காணாமப் போச்சு. ரோட்டரோட கைகள் ஓரத்துல நீலமும் மஞ்சளுமா நிறம் மாறியிருந்துச்சு.

அதனால பிரேக் தேடும்போது எவ்வளவு டக்குன்னு நிக்கும்னு பாக்கறத விட, கடைசி ஹேர்பின்லயும் முதல் ஹேர்பின் மாதிரியே பிடிக்குமான்னு பாக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். இந்த ஒரு கேள்விய வச்சுக்கிட்டா தேர்வு நிறைய சுலபமாயிடுது.

முதல்ல ஆயில் பிரச்சனை. ஹைட்ராலிக் பிரேக்ல ரெண்டு கட்சி, மினரல் ஆயில், டாட் ஃப்ளூயிட். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ எல்லாம் மினரல் ஆயில். ஹோப், ஹேஸ் டாட். எஸ்ராம் ரொம்ப காலமா டாட்லயே இருந்துட்டு, சமீபத்துல டிபி8, மேவன் மாடல்கள்ல மினரல் ஆயிலுக்கு வந்திருக்கு. டாட் 5.1 புதுசுல 260 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும், ஈரம் சேர்ந்தப்புறம் 180 டிகிரிதான் கணக்கு, அதனால அப்பப்ப மாத்தியே ஆகணும். பெயின்ட் மேல பட்டா பெயின்டும் போயிடும். மினரல் ஆயில் ஈரத்த உறிஞ்சாது, கைல பட்டாலும் பெருசா பயமில்ல. வீட்டு பால்கனியில உக்காந்து நானே வேலை பாக்கப் போறேன், அதனால மினரல் ஆயில்தான்னு முடிவு. ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ண ஊத்தவே கூடாது, உள்ள இருக்கிற ரப்பர் சீல் ஊதிப் போய் மொத்த பிரேக்கும் வீணாயிடும். பைக் மெக்கானிக் ஷாப்ல இருக்கிற பிரேக் ஆயில் டாட்தான், அவசரத்துக்குன்னு அத ஷிமானோல ஊத்திடாதீங்க.

அப்புறம் மாடல். யார்கிட்ட கேட்டாலும் முதல்ல வர்ற பேரு ஷிமானோ எம்டி200. விலைக்கு அது அருமையான பிரேக், அதுல சந்தேகமே இல்ல, டவுன்லயும் மண் ரோட்டுலயும் ஓட்டுறவங்க கண்ண மூடிட்டு வாங்கலாம், வயர்ல இருந்து அதுக்கு மாறினாலே கை ஆறுதலா இருக்கும். ஆனா அதுல ரெண்டு பிஸ்டன், லீவர் நீளமானது, செர்வோ வேவ் கிடையாது. செர்வோ வேவ்னா லீவர் உள்ள ஒரு சின்ன கேம் இருக்கும், முதல்ல கொஞ்சம் இழுக்கும்போது பேட் வேகமா ரோட்டர் கிட்ட வந்துடும், அதுக்கப்புறம் இழுக்கிறது பூரா அமுக்கற பலமா மாறும். நீளமான இறக்கத்துல ஒரு விரலால மணிக்கணக்கா பிடிக்கணும்னா இது பெரிய உதவி.

அடுத்த படி, செர்வோ வேவ் இருக்கிற ஷிமானோ டியோர் எம்6100 லீவர், அதுக்கு ரெண்டு பிஸ்டன் காலிப்பரும் இருக்கு, எம்6120ன்னு நாலு பிஸ்டன் காலிப்பரும் இருக்கு. அதுக்கு மேல எஸ்எல்எக்ஸ், எக்ஸ்டின்னு போய்க்கிட்டே இருக்கும், லீவர் அட்ஜஸ்ட்மென்ட் கைலயே திருகலாம், ஃபினிஷ் நல்லா இருக்கும், கொஞ்சம் எடை குறையும். நிக்கிற பலத்துல நான் கொடுக்கிற காசுக்கு ஏத்த வித்தியாசம் இருக்காதுன்னு தோணுச்சு, அதனால டியோரோட நிறுத்திட்டேன்.

நாலு பிஸ்டன் ரெண்டு சக்கரத்துக்கும் வேணுமான்னு ஒரு குழப்பம் இருந்துச்சு. நான் வழக்கமா போற சைக்கிள் கடை அண்ணன்கிட்ட கேட்டேன், அவரு சைக்கிள பாக்காமலே சொன்னாரு, "தம்பி, இறங்கும்போது உன் வெயிட்டு பூரா முன்னாடிதான் இருக்கு, பின்னாடி எவ்ளோ பெருசா போட்டாலும் டயர் இழுத்துக்கிட்டுதான் போவும், காச முன்னாடி போடு." நூத்துக்கு நூறு சரி. பிரேக் பிடிச்சா எடை முன்னாடி தள்ளும், பின் டயருக்கு பிடிமானம் குறையும், அதுக்கு மேல அங்க பலம் குடுத்தா லாக் ஆகி வழுக்கும். அதனால முன்னாடி எம்6120 நாலு பிஸ்டன், பின்னாடி எம்6100 ரெண்டு பிஸ்டன், லீவர் ரெண்டும் எம்6100, கைக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

இப்ப ரோட்டர். என்னைக் கேட்டா, பட்ஜெட் இடிக்குதுன்னா காலிப்பர்ல குறைச்சுக்கோங்க, ரோட்டர்ல குறைக்காதீங்க. 160ல இருந்து 180 மிமீக்கு போனா அதே அமுக்கத்துக்கு பிரேக் பலம் 12.5 சதவீதம் கூடும், அது வெறும் ஆரம் கணக்கு, கூடவே உலோகம் கூடுது, காத்து படுற பரப்பு கூடுது, சூடு சீக்கிரம் ஆறும். 203க்கே போலாமேன்னு ஆசை வரும், ஆனா ஃபோர்க் (முன் சக்கரத்த பிடிச்சிருக்கிற கால்) மேனுவல்ல எது அதிகபட்சம்னு போட்டிருக்கும், என் ஃபோர்க்குக்கு 180தான். அத மீறினா ஃபோர்க் கால் மேல கூடுதல் சுமை, இதுல விளையாடவே கூடாது. ஃபோர்க்ல காலிப்பர் மாட்டுற இடம், போஸ்ட் மவுன்ட், 160க்கு இருக்கு, 180 ஆக்கறதுக்கு ஒரு அடாப்டர் வேணும், ஷிமானோல எஃப்180பி/பி2ன்னு பேரு, தனியாதான் வாங்கணும், செட்டோட வராது.

சக்கரத்து நடுவுல ரோட்டர் மாட்டுற ஹப் எந்த வகைன்னும் பாத்துக்கோங்க. ஆறு போல்ட் ஹப்பா, நடுவுல ஒரே வளையத்தால பூட்டுற சென்டர்லாக்கான்னு. என்னுது ஆறு போல்ட், டி25 டார்க்ஸ் சாவி போடுறது. சென்டர்லாக் ஹப்ல ஆறு போல்ட் ரோட்டர் மாட்ட அடாப்டர் கிடைக்கும், ஆறு போல்ட் ஹப் வச்சிருக்கிறவங்க ஆறு போல்ட் ரோட்டரே வாங்கிடுறது நல்லது.

அப்புறம் ஒரு சின்ன எழுத்து. பழைய ரோட்டர துடைச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா அதுல "ரெசின் பேட் ஒன்லி"ன்னு அடிச்சிருக்கு. விலை குறைஞ்ச ரோட்டர்கள்ல இது சகஜம், ஷிமானோவோட ஆர்டி56லயும் இப்படித்தான். அந்த உலோகம் மெட்டல் பேடுக்கு தாங்காது, சீக்கிரம் தேஞ்சுடும். ஆர்டி66 ரெண்டு வகை பேடுக்கும் ஆகும், விலை வித்தியாசமும் பெருசா இல்ல, அதனால முன்னாடி 180, பின்னாடி 160, ரெண்டும் ஆர்டி66. புதுசுல 1.8 மிமீ கனம் இருக்கும், 1.5க்கு தேஞ்சா மாத்திடணும்.

பேட் விஷயத்துல முன்னாடி மெட்டல், பின்னாடி ரெசின்னு போட்டேன். ரெசின் சத்தம் போடாது, குளிர்ச்சியா இருக்கும்போதே நல்லா கடிக்கும், ஆனா சூட்டுல தளர்ந்துடும், மழைச் சேத்துல கடகடன்னு தேயும். மெட்டல் கொஞ்சம் சூடானப்புறம்தான் தன் குணத்த காட்டும், சூட்டுலயும் ஈரத்துலயும் நிலையா நிக்கும், ரொம்ப நாள் வரும், ஆனா ஈரமானா கத்தும். ஏற்காட்டுல சாயங்காலம் திடீர்னு மழை பிடிச்சுக்கும், காபி எஸ்டேட் ஓரத்து மண் ரோடு பூரா சிவப்புச் சேறாயிடும், அந்த இடத்துக்கு முன்னாடி மெட்டல் இல்லாம எனக்கு மனசு ஒப்பல. எம்6120க்கு டி02எஸ்னு மெட்டல் பேட் தனியா வருது.

செட் வந்ததும் ஒரு வேலை காத்துக்கிட்டு இருந்துச்சு. ஆயில் ஊத்தி, ஹோஸ் மாட்டி, ரெடியாத்தான் வருது, ஆனா அது வெளிநாட்டு முறை, இடது லீவர்ல முன் பிரேக். நம்ம ஊர்ல சைக்கிள்னாலும் பைக்னாலும் வலது கைதான் முன் பிரேக். அவசரத்துல கை யோசிக்காது, பழகினத செய்யும், அதனால இத அப்படியே விடுறது ஆபத்து. ரெண்டு ஹோஸையும் லீவர் பக்கத்துல கழட்டி மாத்தினேன், எப்படியும் ஹோஸ் நீளத்த வெட்டிக் குறைக்க வேண்டியிருந்துச்சு, ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சுது. வெட்டுற இடம் நேரா, செங்குத்தா இருக்கணும், கத்திரிக்கோல் ஆகாது, கூர்மையான ஹோஸ் கட்டர்தான் வேணும். வெட்டின முனைல ஆலிவ்னு ஒரு பித்தளை வளையம், உள்ள ஒரு சின்ன இன்சர்ட் தட்டி இறக்கணும், பழைய ஆலிவ திரும்பப் போடக்கூடாது, அது ஏற்கனவே அமுங்கிப் போயிருக்கும். கனெக்டர் போல்டுக்கு 8 மிமீ ஸ்பேனர்.

மாத்தினா காத்து உள்ள போகும், அதனால அந்தக் காத்த வெளியேத்துற வேலை, ப்ளீடிங். பேட கழட்டிட்டு பிஸ்டன் நடுவுல மஞ்ச கலர் ப்ளாக்க வச்சு, லீவர் தலைல ஃபனல மாட்டி, கீழ காலிப்பர்ல இருந்து சிரிஞ்சுல ஆயில மெதுவா மேல தள்ளணும். ஃபனல்ல முதல்ல பெரிய குமிழி வரும், அப்புறம் ஊசி முனை மாதிரி பொடிப் பொடியா வரும், ஹோஸ கீழ இருந்து மேல விரலால சுண்டிக்கிட்டே இருந்தா ஒளிஞ்சிருக்கிறதும் கிளம்பி வரும். பொறுமையா இருக்கணும், லீவர சின்னச் சின்னதா அசைச்சு, சைக்கிள ஸ்டாண்ட்லயே கொஞ்சம் சாய்ச்சு, குமிழி நின்னப்புறமும் இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன். லீவர் பிடிச்சா கல்லு மாதிரி நிக்கிற அந்த இடம் வந்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

காலிப்பர் நேர் பண்றதுக்கு ரெண்டு போல்டையும் லூஸ் பண்ணி, லீவர இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே மாறி மாறி டைட் பண்ணணும்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் அதுவே போதும். எனக்கு பின்னாடி லேசா உரசுச்சு, அதுக்கு செல்போன் டார்ச்ச காலிப்பருக்கு அந்தப் பக்கம் வச்சு இந்தப் பக்கம் இருந்து பாத்தேன், ரோட்டருக்கு ரெண்டு பக்கமும் மயிரிழை வெளிச்சம் ஒரே அளவு வர்ற வரைக்கும் நகர்த்தி டைட் பண்ணேன். ரோட்டர கைல தொடாதீங்க, செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பின் ரோட்டர துணி போட்டு மூடுங்க, எண்ணெய் ஏறின பேட காப்பாத்துறது கஷ்டம். ரோட்டர துடைக்க ஐசோப்ரோபில் ஆல்கஹால்.

புதுப் பேட உடனே மலைக்கு கொண்டு போகாதீங்க. காலியான ரோட்டுல வேகம் எடுத்து, முழுசா நிக்காம நடக்கற வேகத்துக்கு குறைச்சு, திரும்ப எடுத்து, இப்படி இருபது தடவைக்கு குறையாம, முன்னாடி தனியா, பின்னாடி தனியா. முதல்ல வழுவழுன்னு ஒண்ணுமே பிடிக்காத மாதிரி இருக்கும், போகப் போக கடி ஏறுறது விரல்லயே தெரியும்.

ஏற்காட்டுல இருந்து இறங்கிப் பாத்தாச்சு. ஒரு விரல் போதும், உண்மையிலயே போதும். லீவர் மேல பிடிச்ச இடத்துலயேதான் கீழயும் பிடிச்சுது, இதுக்காகத்தான இவ்வளவும் பண்ணேன். வளைவுக்கு முன்னாடியே அழுத்தமா பிடிச்சு, வளைவுல விட்டு, நேர்ல ஆற விடுற பழக்கமும் இப்ப சுலபமா வருது, முன்னாடி எல்லாம் விட பயமா இருக்கும், அதனால பிடிச்சுக்கிட்டே இருப்பேன், சூடும் ஏறிக்கிட்டே இருக்கும். எஸ்டேட் மண் ரோட்டுல முன் பிரேக்க எவ்வளவு குடுக்கலாம்னு அளந்து குடுக்க முடியுது, சக்கரம் லாக் ஆகறதுக்கு கொஞ்சம் முன்னாடி வரைக்கும் போய் நிக்கலாம். மழை ஈரத்துல முன் பக்கம் கத்தறது நிஜம், ரெண்டு மூணு தடவை பிடிச்சு ஈரம் போனதும் அடங்கிடும், வளைவுல எதிர்ல வர்றவங்களுக்கு ஹார்ன் மாதிரி ஆச்சுன்னு விட்டுட்டேன்.

பின்னாடி ரெசின் பேட் முன்னாடிய விட சீக்கிரம் தேயுது, அது முடிஞ்சதும் அங்கயும் மெட்டல் போடப் போறேன், ரோட்டர் ஏற்கனவே அதுக்கு ஏத்ததுதான். அடுத்து கொல்லிமலை, எழுபது ஹேர்பின். ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள ஒரு தடவை போய் இறங்கிடணும், பையில ஒரு ஜோடி ஸ்பேர் பேடும் டி25 சாவியும் இப்பவே போட்டு வச்சாச்சு.