எலுமிச்சங்கா லாரில போகுது, ஊறுகா பாக்கெட்ல வருது

புளியங்குடின்னாலே எங்க பக்கம் எலுமிச்சைதான். மார்க்கெட்ல மஞ்சளா குவிச்சுப் போட்டு, தரம் பிரிச்சு, மூட்டை கட்டி லாரில ஏத்துவாங்க, நெறைய லோடு புளியரை செக்போஸ்ட் தாண்டி கேரளாவுக்குத்தான் போகுது. ஆனா இங்க பெட்டிக்கடைல தொங்குறது பூரா வெளியூர் கம்பெனி ஊறுகா. பாக்கவே மனசு கேக்கல.

சின்ன ஊரு தேறணும்னா கம்பெனி வரணும், ரோடு வரணும்னு பேசுறோம், சரிதான், ஆனா உள்ள வர்ற காசு வெளிய போறதுக்கு முன்னாடி ஊருக்குள்ள எத்தனை கை மாறுதுன்னு பாக்கணும், எனக்கு அதுதான் பெருசா படுது. ஜோஹோங்கிற சாப்ட்வேர் கம்பெனி 2011-ல தென்காசிப் பக்கம் ஆபீஸ் போட்டப்ப நடந்தது அதான். சென்னைல வீட்டு வாடகைக்கு போயிருக்க வேண்டிய சம்பளம் இங்க மெஸ்ஸுக்கும் டெய்லருக்கும் கொத்தனாருக்கும் போகுது. உலகம் பூரா விக்கிற ஜோஹோ டெஸ்க்ங்கிற அவங்க சாப்ட்வேர் இங்க உருவானதுன்னு சொல்லும்போது பெருமையா இருக்கு.

ஆனா எல்லாருக்கும் ஐடி வேலை அமையாதுல்ல. கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் எத்தனையோ வீட்ல அக்காமாரும் மதினிமாரும் இன்னும் மடில தட்ட வச்சு பீடிதான் சுத்துறாங்க. இலை வடக்க இருந்து வருது, சுத்துன பீடி கம்பெனிக்கு போயிருது, ஊருக்கு மிஞ்சுறது ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு வர்ற கூலியும் இடுப்பு வலியும் இருமலும். இவங்களுக்கு வேற வேலை வேணும், அதுவும் வீட்டுப் பக்கத்துலயே வேணும்.

எலுமிச்சைல அந்த வேலை இருக்கு. வரத்து அதிகமாகி விலை விழுந்தா பறிப்புக் கூலிக்கே கட்டாது, கோடைல விலை ஏறிக்கும். அந்த விலை விழுற நேரத்துல வாங்கி உப்புல ஊறப் போட்டா மாசக்கணக்கா கெடாது, பெரிய மெஷினும் தேவையில்ல. 2020-ல மத்திய அரசு சின்ன உணவுத் தொழிலுக்குன்னு கொண்டு வந்த திட்டத்துல 35 சதவீதம் மானியம், 10 லட்சம் வரைக்கும், சுய உதவிக் குழுவுல இருக்குறவங்களுக்கு ஆளுக்கு 40,000 வரை ஆரம்பப் பணம்னு வச்சிருந்தாங்க.

ஊறுகா போடுறது நம்ம பொம்பளைங்களுக்கு கஷ்டமே இல்ல, விக்கிறதுதான் கஷ்டம். பாட்டிலுக்கும் எண்ணெய்க்கும் கைல காசு குடுக்கணும், கடைக்காரரோ வித்தப்புறம்தான் தருவாரு, அந்த இடைவெளிலயே நெறைய குழு மூச்சு முட்டி நின்னுரும். அதனால முதல்ல காசு உடனே வர்ற எடத்தப் புடிக்கணும், கல்யாண சமையல்காரங்க, மெஸ்ஸு, ஹாஸ்டலு, அப்புறம் குத்தாலம் அருவிப் பக்கம். ஜூன்ல சீசன் ஆரம்பிச்சா எவ்வளவு கூட்டம், எவ்வளவு சிப்ஸ் கடை! அந்த வரிசைல குழுக்களுக்கு குறைஞ்ச வாடகைல கொஞ்சம் கடை ஒதுக்கச் சொல்லி பேரூராட்சில இப்பவே மனு குடுக்கலாம், சீசன் நெருங்கிட்டா எடம் கிடைக்காது. நம்ம பக்கத்துக்காரங்க யாராச்சும் குழு நடத்துறீங்கன்னா கமெண்ட்ல சொல்லுங்க, மனு எழுத நானும் கூட வர்றேன்.