கப்பல்ல மூணு ராத்திரி, அப்பா தட்டோட நின்னது

கும்பகோணத்துலேந்து அம்மா அப்பாவ கூட்டிட்டு சிங்கப்பூர் போயி அங்க சொகுசுக் கப்பல் ஏறுனோம். டிக்கெட் காசோட செலவு முடிஞ்சுதுன்னு நெனச்சு மட்டும் ஏறாதீங்க. டிப்ஸ்னு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்ளோன்னு அவங்களே கணக்குல சேத்துடுறாங்க, வைஃபை தனி, கூல்டிரிங்ஸ் தனி, எல்லாம் ரூம் கார்டுலயே ஏறிக்கிட்டே போயி கடைசி நாள் பில்லு வர்றப்ப தான் வயித்த கலக்குது.

கூட்டம் தான் எனக்கு ரொம்ப வருத்தம். காலைல எட்டரைக்கு பஃபேக்கு போனா மகாமகத்தன்னிக்கு குளத்தங்கரைல நிக்கிற மாதிரி இருக்கு, எழுவது வயசு அப்பா தட்ட கைல வச்சிக்கிட்டு நாற்காலி தேடி அலைஞ்சத பாக்க எனக்கு தாங்கல. மறுநாள் தான் தெரிஞ்சுது, கீழ பெரிய டைனிங் ஹால்லயும் அதே டிக்கெட்டுல உக்கார வச்சு பரிமாறுறாங்க, அங்க கூட்டமே இல்ல! வயசானவங்களோட போறவங்க நேரா அங்க போயிடுங்க.

2024 ஜனவரில ஓட ஆரம்பிச்ச ஐகான் ஆஃப் தி சீஸ்ங்கிற பெரிய கப்பல்ல 20 டெக்கு, அதாவது 20 மாடி, நெறைஞ்சா 7,600 பயணிகள் வரைக்கும் ஏறலாமாம். எங்க கப்பல் அதவிட சின்னது, அதுக்கே லிஃப்ட்டுக்கு அவ்ளோ நேரம்.

காசு மிச்சம்னு ஜன்னல் இல்லாத ரூம் போட்டது என் தப்பு, பொழுது விடிஞ்சுதான்னே தெரியல. அம்மா நாகப்பட்டினத்துல பொறந்தவங்க, கடல பாக்காம இருக்க முடியல அவங்களுக்கு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு மேல் டெக்குக்கு கூட்டிட்டு போனேன், ஒரு ஆளு இல்ல, கம்பிய புடிச்சிக்கிட்டு ஒரு மணி நேரம் பேசாம நின்னாங்க.