காஸ்டிக் சோடாவில் சோப்: இரண்டு முயற்சிகளின் பதிவு

காஸ்டிக் சோடா என்ற அரிக்கும் காரத்தைத் தொடவே கூடாது என்ற எண்ணத்தோடுதான் சோப் செய்யத் தொடங்கினேன். கடையில் வாங்கிய சோப் பேஸை, அதாவது உருக்கி ஊற்றுவதற்கான தயார்நிலைச் சோப்பை, நறுக்கி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி அச்சில் ஊற்றியதும், சில மணி நேரத்தில் கட்டிகள் தயாராயின. குழந்தைகளோடு சேர்ந்து செய்வதற்கு அந்த முறையே ஏற்றது. ஆனால் அந்தப் பேஸ்கூட எண்ணெயும் காரமும் வினைபுரிந்து உருவானதுதான். ஆபத்தான வேலையை வேறொருவர் முன்பே முடித்துத் தந்திருந்தார். அதை நானே கவனமாகச் செய்து பார்க்க விரும்பினேன்.

ஆலிவ் எண்ணெய் 300 கிராம், தேங்காய் எண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், காஸ்டிக் சோடா 70 கிராம், தண்ணீர் 140 கிராம் என எல்லாவற்றையும் தராசில் எடைபோட்டே எடுத்தேன். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.18 கிராம் காரம் தேவை. ஆலிவ் எண்ணெய்க்கோ 0.13 கிராம்தான். தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாக ஆலிவ் எண்ணெயையே ஊற்றியிருந்தால், அதே 70 கிராமில் காரம் மிஞ்சித் தோலை அரித்திருக்கும். மேற்சொன்ன அளவிலோ சுமார் 5 சதவீத எண்ணெய் வினைபுரியாமல் தங்கும். அதுவே நமக்குப் பாதுகாப்பு.

பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, தண்ணீரில் காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியம் காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும் என்பதால், எவர்சில்வர் பாத்திரத்தையே பயன்படுத்தினேன். தோலில் பட்டால் வினிகரைத் தேடாமல், ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும்.

கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறியபின் கலந்து, கரண்டியால் இருபது நிமிடம் கிளறி, பதம் வந்துவிட்டதாக நம்பி அச்சில் ஊற்றியது என் தவறு. மறுநாள் மேலே எண்ணெய் தனியாக மிதந்தது. அப்படியானால் அடியில் காரம் தங்கியிருக்கிறது என்று பொருள். கையுறையோடு எல்லாவற்றையும் பாத்திரத்துக்கு மாற்றி, மெல்லிய தீயில் ஒன்றாகும்வரை கிளறினேன். சோப் கரடுமுரடாக வந்தாலும் வீணாகவில்லை.

இரண்டாம் முறை கை பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டி, கலவையின் மேல் சிந்திய துளி கோடாக நிற்கும்வரை காத்திருந்தேன். இம்முறை எண்ணெய் பிரியவில்லை. 118 கிராம் இருந்த கட்டி, மூன்றாம் வாரத்தில் 107 கிராமுக்கு வந்துள்ளது. இன்னும் மூன்று வாரம் காற்றோட்டமான தட்டில் உலரவிட்டு, எடை குறைவது நின்றபின்பே பயன்படுத்தப் போகிறேன்.