குளக்கட்டில் ஒரு திரில்லர்

கிளிநொச்சி மாணவர்கள் எடுத்த திரில்லர் குறும்படத்தின் முன்னோட்டம் பார்த்தேன். பிள்ளைகளுக்கு இந்த வகைப் படத்தின் இலக்கணம் பிடிபட்டுவிட்டது!

இரணைமடுக் குளக்கட்டு, மாலை மங்கும் நேரம். மாணவி ஒருத்தி சைக்கிளை உருட்டி வருகிறாள். இசை இல்லை, சங்கிலியின் கிறீச்சொலி மட்டும். அவளுக்குப் பின்னால் டோர்ச் வெளிச்சம் ஒன்று அணைகிறது. நாங்கள் கண்டுவிட்டோம், அவள் காணவில்லை. மேசைக்கடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்தால்தான் பதற்றம் என்று திரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் துரூஃபோவிடம் விளக்கியது இதைத்தான். பிறகு காட்சிகள் குறுகிக் குறுகி வேகமெடுத்து, சட்டென்று கறுப்புத் திரை.

சுவரொட்டி வழமையானது: பாதி முகம் இருட்டில், சிவப்பு எழுத்து. அதில் இருக்கும் நீண்ட வாசகத்தை எடுத்துவிடலாம். முகமே போதும்.

துப்பாக்கியையோ வெடிச்சத்தத்தையோ அவர்கள் தொடவில்லை. 2009 இறுதிப்போரைக் கண்ட வன்னி வீடுகளில் அவற்றைக் காட்டிப் பயமுறுத்துவது மிகச் சுலபம். அந்தச் சுலபத்தை ஒதுக்கியதற்காகவே இவர்களைக் கொண்டாட வேண்டும். முழுப்படத்தைத் திரையிடும்போது சொல்லுங்கள் தம்பி, தங்கச்சிமாரே, கட்டாயம் வருகிறேன்.