காசு இல்லாம போனதால தப்பிச்ச ஊரு

அமெரிக்காவோட இல்லினாய் மாநிலத்துல கலீனான்னு ஒரு சின்ன ஊரு, இப்போ 3,300 பேர் கிட்ட தான் இருக்காங்க. போன மாசம் போயிட்டு வந்தேன், அந்த மெயின் ஸ்ட்ரீட் இன்னும் கண்ணுலயே நிக்குது. ஊருக்குள்ள ஓடற கலீனா ஆத்தோட வளைவை ஒட்டியே தெருவும் வளைஞ்சு போறதால முழுசா ஒரே பார்வையில தெரியாது, நடக்க நடக்க அடுத்த செங்கல் கட்டடம், அதுக்கடுத்ததுன்னு ஒவ்வொண்ணா வெளிய வரும்.

கலீனாங்கறதே ஈயத்தாதுவோட பேரு தான். 1800-கள் நடுவுல ஈயம் கொழிச்ச காலத்துல பத்தாயிரம் பேருக்கு மேல இருந்த ஊரு இது, மிசிசிப்பி ஆத்துல இருந்து நீராவிக் கப்பல் இந்த ஆத்து வழியா நேரா ஊருக்குள்ளயே வருமாம். ஆனா ஈயம் உருக்க மலையில இருந்த மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க, மழையில மண்ணு கரைஞ்சு வந்து ஆத்துலயே படிஞ்சு ஆறு தூர்ந்து போச்சு, 1854-ல ரயிலும் வந்துடுச்சு, அப்புறம் கப்பல் வியாபாரம் கொஞ்சம் கொஞ்சமா படுத்துடுச்சு, ஜனங்களும் கிளம்பிட்டாங்க.

மத்த ஊர்கள்ல காசு வந்தப்போ பழசை இடிச்சுட்டு புதுசு கட்டினாங்க, இங்க இடிக்கக்கூட காசு இல்ல. அப்படியே விட்டது தான் இன்னைக்கு நாம பாக்கறது. 1969-லயே ஊரோட பழைய பகுதியை அமெரிக்க அரசோட தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டுல சேத்துட்டாங்க, ஊர்ல இருக்கற கட்டடத்துல 85 சதவீதம் வரைக்கும் அந்தப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ள தான் வருது.

டிசோட்டோ ஹவுஸ் ஹோட்டல் 1855-ல திறந்தப்போ அஞ்சு மாடி. ஊரு சரிஞ்சதும் தங்க ஆள் இல்லன்னு 1880-ல மேல் ரெண்டு மாடியையே எடுத்துட்டாங்க! இப்பவும் ஹோட்டலாவே நடக்குது. எதிர்ல நின்னு அண்ணாந்து பாத்தப்போ அந்த இல்லாத ரெண்டு மாடி தான் எனக்கு ஊரோட மொத்த கதையையும் சொல்லிச்சு.

எனக்கு ரொம்பப் புடிச்சது யுலிசிஸ் கிராண்ட் வீடு. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வடக்குப் படையோட தளபதி, பின்னாடி ஜனாதிபதியும் ஆனவர். 1860-ல இத்தாலியனேட்டுங்கற (இத்தாலிய வீடுங்களைப் பாத்து வந்த) பாணியில கட்டின செங்கல் வீடு, போர் முடிஞ்சு அவர் திரும்பி வந்தப்போ, 1865-ல ஊர்க்காரங்க அவருக்குக் குடுத்தது. சரிவு கம்மியான கூரை, அது சுவரைத் தாண்டி நல்லா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அடியில வரிசையா அலங்காரத் தாங்கு கட்டைங்க. இதைப் பாத்துட்டு மெயின் ஸ்ட்ரீட்டுக்கு வந்தா கடைங்களோட மேல் விளிம்புலயும் அதே பாணி தெரியும். கீழ் தளத்தை மட்டும் பாத்துட்டுப் போயிடாதீங்க, கடை போர்டு மாறும், மேல் ஜன்னல் தான் பழைய முகம்.

மெயின் ஸ்ட்ரீட் முனையில பெரிய வெள்ளத் தடுப்புக் கதவுங்க இருக்கு. தூர்ந்து போன அந்த ஆறு இன்னமும் பொங்கும், பொங்கினா தெருவையே மூடிடுவாங்க. நான் போன அன்னைக்கு கதவு விரியத் திறந்து கிடந்துச்சு, ஆறு ஒரு சின்ன ஓடை மாதிரி சத்தமே இல்லாம போயிட்டு இருந்துச்சு.